நீ அனுப்பிய போல்ட்டுகள் போன இடம்

ஆரில்யே,
பேதுரு திருநாள் கழிந்த வியாழக்கிழமை

அன்பு மகன் ஊரோஷுக்கு அம்மா எழுதுவது. இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்போது நீ வேளைக்குச் சாப்பிட்டு, வேளைக்குத் தூங்கி, உடம்பில் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று புனித நிக்கோலாவை வேண்டிக்கொண்டுதான் பேனாவை எடுக்கிறேன். இங்கே எங்கள் உடம்புக்கு ஒன்றுமில்லை. உன் அப்பாவுக்கு ரத்த அழுத்தம் மாத்திரைக்குக் கட்டுப்பட்டு இருக்கிறது, என் முழங்கால் எப்போதும் போல மாடிப்படியைக் கண்டால் மட்டும் அழுகிறது. மனசு எப்படி இருக்கிறது என்று கேட்டால், குமட்டுகிறது ஊரோஷ், வேறு வார்த்தை எனக்குத் தெரியவில்லை. காலையில் காப்பி குடிக்கும்போதுகூட எதிரே உட்கார்ந்திருக்கிற உன் அப்பாவைப் பார்த்தால் கோப்பையைக் கீழே வைத்துவிடத் தோன்றுகிறது. நீ போன சனிக்கிழமை ராத்திரியும் மறுநாள் காலையிலும் இரண்டு தடவை தொலைபேசியில் கேட்டாய், அம்மா, ரதோய்க்கோ மாமா வீட்டுக்குக் குடுக்கை போச்சா, கல்யாணத்துக்கு அழைச்சாச்சா என்று. இரண்டு தடவையும் உன் அப்பா போனை என் கையிலிருந்து பிடுங்கி, "போச்சுடா, கூம் கண்ணுல தண்ணியே வந்துடுச்சு"ன்னு சொன்னார் அல்லவா, அது பச்சைப் பொய். குடுக்கை அலமாரி மேலேயே இருந்தது. உன்னை ஞானஸ்நானத்தில் ஏந்தின ஞானத்தகப்பன், நம் கூம் ரதோய்க்கோதான் உன் கல்யாணத்திலும் உன் பக்கத்தில் நிற்க வேண்டும், மரக்குடுக்கையில் பிளம் சாராயத்தோடு வீடு தேடிப் போய் அழைக்க வேண்டும், இதெல்லாம் எனக்குத் தெரியாததா. தெரிந்துதான் போகவில்லை. ஏன் போகவில்லை, பிறகு போய் என்ன செய்தேன் என்பதை உன் அப்பா பக்கத்தில் நின்று இருமிக்கொண்டிருக்கும்போது போனில் சொல்ல முடியாது, அதனால் எழுதுகிறேன். நிதானமாகப் படி, நடந்துகொண்டே படிக்காதே.

பழம் இந்த வருஷம் நன்றாகத்தான் வந்தது. ஜூன் மாதம் ஆலங்கட்டி விழுந்து கீழ்த் தோட்டம் கொஞ்சம் அடிபட்டாலும் மேல் தோட்டத்து ராஸ்பெர்ரி ஒன்றுக்கும் அசையவில்லை. உன் சித்தி பறிக்க வருகிறேன் என்று வந்து இரண்டாம் நாளே இடுப்பைப் பிடித்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள், போகிற போக்கில் ஒரு வாளி பழம் கொண்டு போனாள், அது வேறு கதை. பறித்த பழம் அன்றைக்கே குளிர்கிடங்குக்குப் போயாக வேண்டும் என்பது உனக்குத் தெரியும், சின்னதிலே எத்தனை தடவை பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்து போயிருக்கிறாய். ஒரு சாயங்காலம் வெயிலில் நின்றால் முடிந்தது, கையை விட்டால் கூழ். அதனால்தான் அந்த நீல வண்டி நமக்கு வெறும் வண்டி இல்லை, இந்த வீட்டின் வருஷச் சாப்பாடு. மார்ச் மாதம் அதற்கு இன்ஜின் ஹெட்டுக்கு அடியில் இருக்கிற கேஸ்கட் போனபோது நீ அங்கிருந்து தலைபாடாக அடித்துக்கொண்டு சொன்னாய். ஹெட்டைக் கழற்றினால் பழைய போல்ட்டைத் திரும்பப் போடாதீர்கள், இந்த இன்ஜின் போல்ட்டுகள் இறுக்கும்போதே இழுபட்டு நீள்கிற சாதி, ஒரு தடவை இழுபட்டதை மறுபடி இறுக்கினால் ஒன்று பிடிக்காது, இல்லாவிட்டால் ஒடியும் என்று. சொன்னதோடு விட்டாயா, கோதன்பர்க் பனியில் கடை கடையாக ஏறி இறங்கிப் பத்து போல்ட்டும் கேஸ்கட்டும் வாங்கி, ஒவ்வொன்றையும் எண்ணெய்க் காகிதத்தில் சுற்றி, பெட்டி மேலே உன் கையெழுத்தில் "அப்பா, பழசைத் தூக்கிப் போட்டுடுங்க" என்று எழுதி அனுப்பினாய். அந்தப் பெட்டி வந்த அன்றைக்கு உன் அப்பா அதைச் சாப்பாட்டு மேஜையில் வைத்துக்கொண்டு வருகிறவன் போகிறவனுக்கெல்லாம் காட்டினார், எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

அப்புறம் உன் ஞானத்தகப்பன் வந்தான். மரியாதையாக எழுத வரவில்லை, மன்னித்துக்கொள். ஹெட்டைக் கழற்றி மாட்ட வேறு யாரையும் கூப்பிடக் கூடாதாம், கூம் மெக்கானிக்காக இருக்கும்போது அடுத்தவனிடம் வண்டியை விடுவது அவன் முகத்தில் துப்புகிற மாதிரியாம். கூட்டுறவுப் பண்ணையில் டிராக்டர் இன்ஜினைத் திருகித் திருகியே வயசாக்கிக்கொண்டவன், கையில் ஒரு ஸ்பேனர், அதன் வாலில் மாட்ட ஒரு இரும்புக் குழாய், இவ்வளவுதான் அவன் பட்டறை. இத்தனை அளவு இறுக்கு, பிறகு இத்தனை கோணம் திருப்பு என்று பெட்டிக்குள் படத்தோடு ஒரு காகிதம் இருந்தது, அதை நான் கொண்டுபோய்க் கொடுத்தபோது, "கூமா, என் தோள்பட்டைக்குக் கோணம் தெரியும்"னு சொல்லி அதே காகிதத்தில் கையைத் துடைத்தான். நான் அடுக்களைக்குப் போய்க் கோஸ் இலையில் கறி சுற்றிக்கொண்டிருந்தேன். ஜன்னல் வழியாகப் பார்த்தால் முற்றத்து மேஜையில் இரண்டு தலையும் ஒன்றாகக் குனிந்திருந்தது, நடுவில் சாராயப் புட்டி. பார்த்தவுடனே எனக்கு உறைத்திருக்க வேண்டும். அப்பாவுக்கென்று நீ அனுப்பின தோல் கோட்டைப் போட்டுக்கொண்டுதானே அவன் போன வருஷம் நம் குலப் புனிதர் திருநாளுக்கு வந்து உட்கார்ந்தான், நீ அனுப்பின மின்சார ஷேவரால்தானே தாடையை வழித்துக்கொண்டு வந்தான், நானும் சிரித்த முகமாகப் பரிமாறினேன். அன்றைக்குச் சாயங்காலம் இன்ஜின் கிளம்பி ஓடியது, உன் அப்பா "எல்லாம் மாத்தியாச்சு"ன்னார், நான் நம்பினேன்.

போன சனிக்கிழமை, வெயில் மண்டையைப் பிளக்கிற நேரம், டிரெய்லர் நிறையப் பழப்பெட்டி ஏற்றிக்கொண்டு நாங்கள் இரண்டு பேரும் போனோம். கல்லறை மேட்டில் ஏறும்போது வண்டி முக்கியது, முனகியது, பின்னால் வெள்ளைப் புகை, அப்புறம் தண்ணீர்ச் சூடு முள் எகிறிப்போய் முட்டிக்கொண்டு நின்றது, வண்டியும் நின்றது. உன் அப்பா இறங்கி பானெட்டைத் தொட்டுக் கையைச் சுட்டுக்கொண்டு முதல் வேலையாகக் கூமுக்குப் போன் போட்டார். அவன் வந்தான், தன் வண்டியில், நம்முடையது மாதிரியே அதே இன்ஜின் உள்ள அவன் சாம்பல் நிற வண்டியில். எண்ணெய் மூடியைக் கழற்றினால் உள்ளே பாலாடை மாதிரி வெள்ளையாக ஒட்டிக்கொண்டிருந்தது, தண்ணீரும் எண்ணெயும் கலந்து போயிருந்தது. அவன் அதை விரலால் வழித்து மோந்து வேறு பார்த்தான், பார்த்துவிட்டு அந்த விரலை நம் டிரெய்லர் தார்ப்பாயில் துடைத்தான். எனக்கு உன் மேல்தான் பாவமாக இருந்தது. "பையன் பாவம், அவ்வளவு அலைஞ்சு வாங்கினான், ஸ்வீடன் கடைக்காரன் மட்டமான போல்ட்டைத் தலையில கட்டிட்டான் போலிருக்கு, புதுசு நாலு மாசம் தாங்கலையே"ன்னு சொன்னேன். அதற்கு ரதோய்க்கோ என்னை நிமிர்ந்து பார்த்து, ரொம்ப சாதுவாக, "எந்தப் புதுசு கூமா? அது என் வண்டியில இல்ல இருக்கு? காதை வச்சுக் கேளுங்க, பூனை மாதிரி ஓடுது"ன்னான். உன் அப்பா பிளம் மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு இரண்டு பேர் வாயிலிருந்தும் பிடுங்கிப் பிடுங்கித்தான் விஷயம் வந்தது. பெட்டியைத் திறந்ததும் இவன் "என்ன அழகுடா கூமே, என் இன்ஜினையும் பிரிச்சுப் போட்டிருக்கேன், இந்தச் சாமானுக்குத்தான் உஷித்சே டவுன் வரைக்கும் போய்க் கெஞ்சிட்டு வந்தேன்"னு சொல்லியிருக்கிறான். அவர் "எடுத்துக்கோ"ன்னிருக்கிறார். இவன் வேண்டாமென்று கையை மார்பில் வைத்திருக்கிறான். அவர் "எடுக்கலேன்னா இந்த வாசலை மிதிக்காதே"ன்னிருக்கிறார். ஒருவன் கூம் ஆசைப்பட்டதை இல்லையென்று சொல்லக் கூடாது, இன்னொருவன் கூம் கொடுத்ததை மறுக்கக் கூடாது, இப்படி இரண்டு பேரும் மாற்றி மாற்றி மரியாதை செய்துகொண்டு நம் வண்டியைக் கொன்றிருக்கிறார்கள். இதில் இன்னொரு அசிங்கம் கேள். நம் பழைய போல்ட்டில் இரண்டு பார்க்கவே சரியில்லையாம், ஒன்று திருகும்போது பிசைந்த மாவில் திருகுகிற மாதிரி இளகிக்கொண்டே போனதாம், அதற்குப் பதில் ரதோய்க்கோ தன் வண்டியிலிருந்து கழற்றிப் போட்ட பழசில் இரண்டை எடுத்து மாட்டிவிட்டு, "இந்தா, நானும் வெறுங்கையோட வாங்கல"ன்னானாம். உன் அப்பா அவனைக் கட்டிக்கொண்டு மூன்று முத்தம் கொடுத்தாராம். தூ. குப்பைக்குப் போக வேண்டியதைக் கொடுத்ததற்கு முத்தம்.

இவ்வளவு பேச்சு நடக்கிற நேரமெல்லாம் பழம் வெயிலில் நின்றது, மறந்துவிடாதே. பெட்டிக்கு அடியிலிருந்து சாறு சொட்டித் தார் ரோட்டில் ஓடியது, குளவி வந்து மொய்த்தது, நான் இடுப்பில் கட்டியிருந்த துணியால் விரட்டிக்கொண்டிருந்தேன், இவர்கள் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் சமாதானப்படுத்திக்கொண்டிருந்தார்கள். அப்போதுதான் துன்யா வந்தாள். ரதோய்க்கோவின் ஒரே மகள், உன்னோடு பள்ளிக்கூடத்துக்கு ஒரே பஸ்ஸில் வந்த துன்யாதான், இப்போது அவர்கள் தோட்டம் முழுக்க அவள்தான் பார்க்கிறாள், அப்பன் கெட்ட பெயர் வாங்குவதோடு சரி. டிராக்டரை நிறுத்திவிட்டு இறங்காமலே, "வண்டிக்குச் சாவுச் சடங்கு முடிஞ்சுதா, இல்ல இன்னும் அழணுமா? முடிஞ்சிருந்தா ஒதுங்குங்க, டிரெய்லரை மாட்டுறேன்"னாள். தன் அப்பாவிடம்தான் சொன்னாள், ஆனால் உன் அப்பாவும் ஒதுங்கினார். குளிர்கிடங்கில் இருந்த ஆள் ஒரு பழத்தை எடுத்து அமுக்கினான், சாறு முழங்கை வரைக்கும் ஓடியது. "இது பழமாம்மா? கரண்டி கொண்டு வந்திருக்கலாமே"ன்னு சொல்லிப் பாதிக்கு மேல் கூழுக்குப் போகிற பக்கம் தள்ளிவிட்டான். துன்யா அவனோடு சண்டை போட்டு மேல் அடுக்குப் பெட்டிகளை மட்டும் நல்ல பக்கம் சேர்க்க வைத்தாள். வெயிலில் குனிந்து குனிந்து பறித்ததில் தரையில் ஒழுகினதையெல்லாம் என் கண் முன்னால் குழாயில் கழுவிவிட்டார்கள், நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

இத்தோடு முடிந்திருந்தால்கூட எப்படியோ விழுங்கியிருப்பேன். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, கோயில் மணி அடித்து முடிக்கவில்லை, ரதோய்க்கோ நடந்து வந்தான். நடந்து ஏன் வந்தான் என்று எனக்கு உடனே புரியவில்லை. கைக்குட்டையில் ஏதோ முடிச்சு. மேஜையில் வைத்து அவிழ்த்தான். பத்து போல்ட்டு, பெட்ரோலில் கழுவித் துடைத்து, தன் வண்டி ஹெட்டிலிருந்து கழற்றிக்கொண்டு வந்திருக்கிறான். "இந்தா கூமே, உன் பொருள் உன்கிட்ட. ராத்திரி எனக்குத் தூக்கம் இல்ல. பையன் அனுப்பினது உன் வண்டியிலதான் இருக்கணும்"னான், கண்ணில் தண்ணீர். உன் அப்பா கண்ணிலும் தண்ணீர். மறுபடி முத்தம். நான் சொன்னேன், "இதெல்லாம் ஒரு தடவை இழுபட்டுப் போச்சு, இனி எந்த வண்டிக்கும் ஆகாது, பையன் சொல்லியிருக்கான், உங்க வண்டியையும் வீணா பிரிச்சுட்டு வந்திருக்கீங்க"ன்னு. ரதோய்க்கோ "நாலு மாசம்தானே கூமா, வாசனைகூடப் போகல"ன்னான். உன் அப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது, கூம் முன்னால் நான் பேசினேன் என்று. "அவன் சொல்வான். அங்க உள்ளவனுக்கு என்ன, எதையும் ஒரு தடவைதான் போடுவான், நாளைக்குக் கூமைக்கூடப் புதுசு வாங்கிக்குவான்"ன்னார். உன்னைப் பற்றித்தான் ஊரோஷ், அப்படிச் சொன்னார். நான் உட்கார்ந்து பார்த்தேன். ஹெட்டைத் தூக்கினார்கள், கேஸ்கட்டை மட்டும் எங்கேயோ தேடிப் பிடித்து மாற்றினார்கள், குழாயை ஸ்பேனர் வாலில் மாட்டி அவன் இறுக்கினான். ஐந்தாவதோ ஆறாவதோ, டொக் என்று ஒரு சத்தம். ஸ்பேனரோடு போல்ட்டின் தலை தனியாக வந்துவிட்டது, பாதி உடம்பு உள்ளேயே நின்றுவிட்டது. இரண்டு பேரும் அதைக் குனிந்து பார்த்தார்கள். உன் அப்பா நிமிர்ந்து, "கண்ணு பட்டிருக்கு"ன்னார்.

அவ்வளவுதான், நான் எழுந்தேன். கையைக் கழுவினேன், நீலப் பூப்போட்ட உடுப்பை மாற்றினேன், அலமாரி மேலிருந்து குடுக்கையை எடுத்துத் துடைத்து, சிவப்பு நூல் சுற்றி, துளசிக் கொத்து செருகி, ஒரு ஆப்பிளையும் எடுத்துக்கொண்டு முற்றத்தில் அவர்களைத் தாண்டி நடந்தேன். "எங்கடி போற, கூம் இங்க இல்ல இருக்கான்"ன்னு உன் அப்பா பின்னால் கத்தினார். திரும்பவில்லை. வேலி ஓரம் நின்ற ஸ்தானிமிர்கா கிழவி குடுக்கையைப் பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டாள். ரதோய்க்கோ வீட்டு முற்றத்தில் துன்யா பழப்பெட்டிகளைத் தண்ணீர் அடித்துக் கழுவிக்கொண்டிருந்தாள், முந்தின நாள் அழுக்கான நம்முடைய பெட்டிகளைத்தான். "அத்தை, அப்பா உங்க வீட்டுலதான் இருக்கார்"ன்னாள். "தெரியும்டி, நான் அவரைத் தேடி வரல"ன்னேன். குடுக்கையை அவளிடம் நீட்டி, அழைக்கிற வார்த்தை எல்லாம் ஒன்று விடாமல் முறைப்படி சொன்னேன், என் மகன் ஊரோஷின் கல்யாணத்துக்குக் கூமுக்குப் பதில் கூமாவாக வந்து அவன் பக்கத்தில் நிற்க வேண்டும் என்று. அவள் முகம் சிவந்துவிட்டது. "நான் பொண்ணு அத்தை. மாப்பிள்ளைப் பக்கம் பொண்ணு நின்னா ஊர் சிரிக்கும்"ன்னாள். "சிரிக்கட்டும். ரோட்டுல பழம் ஒழுகிட்டு நின்னப்ப எந்த ஆம்பளை வந்து தூக்கினான்"னேன். கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள், சிலுவை போட்டாள், குடித்தாள், இருமினாள்.

அதற்குள் ஆண்கள் இரண்டு பேரும் வாசல் கதவுக்கு வந்துவிட்டார்கள், கை நிறையக் கிரீஸ். உன் அப்பா, "விதா, உனக்குப் பைத்தியம் பிடிச்சுடுச்சா, பையன் எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டுப் பந்தல்ல நிப்பான்"னு கத்தினார். ரதோய்க்கோ கத்தவில்லை. மகள் கையில் குடுக்கையைப் பார்த்தான். "கூமா, குடுக்கை என் வீட்டுக்குத்தானே வந்திருக்கு"ன்னான். "உங்க வீட்டுக்குத்தான் வந்திருக்கு. உங்க கைக்கு வரல"ன்னேன். அவன் கவிழ்த்து வைத்திருந்த ஒரு பெட்டி மேல் உட்கார்ந்தான், தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டான். பாவமாகத்தான் இருந்தது, உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன், உன்னை ஞானஸ்நானத் தொட்டியிலிருந்து தூக்கும்போது அந்தக் கை உன்னை எப்படி நெஞ்சோடு சேர்த்துப் பிடித்தது என்று நான் பார்த்திருக்கிறேன். ஆனால் திரும்ப வாங்கவில்லை, வாங்கவும் மாட்டேன்.

இப்போது உன் அப்பா என்னோடு பேசுவதில்லை. தட்டை வைத்தால் சாப்பிடுகிறார், எடுத்தால் எழுந்து போகிறார். நீ அவர் பக்கம்தான் பேசுவாய், கூமை மாற்றினவள் என்று என்னைத்தான் வைவாய் என்று பூனையிடம் சொல்லிக்கொண்டிருக்கிறார். அப்படி நீ நினைத்தால் என்னிடமே சொல், அப்பாவிடம் சொல்லி அனுப்பாதே. இல்லையென்றால் இந்தக் கடிதத்தை மடித்து வைத்துவிட்டுத் துன்யாவுக்குப் போன் போட்டு உன் வாயால் ஒரு தடவை "கூமா" என்று கூப்பிடு, அவள் அதற்குத்தான் காத்திருக்கிறாள், ஆனால் தானாகக் கேட்க மாட்டாள். எனக்கு வெறுப்பு வண்டி போனதில் இல்லை மகனே, பழம் போனதிலும் இல்லை, அது அடுத்த வருஷம் காய்க்கும். நீ குளிரில் நின்று தேடி வாங்கி, உன் கையால் எழுதி அனுப்பினதை ஒரு மனிதர் ஒரு வாய் சாராயத்துக்கு நடுவே எடுத்து நீட்டினார், அது யாருடைய கை வழியாக வந்தது என்று ஒரு நிமிஷம் நினைக்கவில்லை. அதைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை. சட்டை, கோட்டு, மருந்து, எதுவும் இனி இந்த வீட்டுக்கு அனுப்பாதே. நீ வா.

கடவுளும் நம் புனிதரும் உனக்கும் உன் பெண்ணுக்கும் துணையிருக்கட்டும், இரண்டு பேரும் ஒருவர் தட்டில் இருக்கிறதா என்று பார்த்து ஒருவர் சாப்பிட்டு நூறு வருஷம் வாழுங்கள். குளிரில் தலையில் ஏதாவது போட்டுக்கொண்டு போ, கடை ரொட்டியையே தின்றுகொண்டிருக்காதே. ஒன்று மட்டும் மறக்காதே: வரும்போது புது போல்ட்டு இரண்டு செட்டு கையோடு கொண்டு வா, ஒன்று நமக்கு, ஒன்று துன்யா வீட்டு வண்டிக்கு, அதுவும் பிரிந்துதான் கிடக்கிறது. பஸ் நிலையத்துக்கு உன் அப்பா வந்து கட்டிப் பிடித்து அழுவார், நீயும் அழு, தப்பில்லை. ஆனால் பையை மட்டும் அவர் கையில் கொடுத்துவிடாதே.

உன் மேல் உயிரையே வைத்திருக்கிற,
அம்மா விதோசாவா